தேய்ந்த டூல் இன்ஜினைக் கெடுக்குமா? ஒரு பழைய குற்றச்சாட்டின் மறுபார்வை

கார் இன்ஜின் காலத்துக்கு முன்பே சீஸ் ஆகி நின்றுவிட்டால் பழி யாரைச் சேரும்? இதற்குச் சொல்லப்படும் விடைகளில் மிகப் பழையது, ஆயிலைக் கவனிக்காத உரிமையாளரைக் குறை கூறுவது. வடிவமைப்பே தவறு என்பது இன்னொரு விடை. லேத்தும் கிரைண்டிங் மெஷினும் ஓடும் பட்டறைகளில் காலம் கழித்தவர்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: மாற்ற வேண்டிய டூலை மாற்றாமல் ஓட்டியிருப்பார்கள்.

இந்த மூன்றாவது விடைக்கு 2015க்குப் பிறகு புதிய கனம் வந்திருக்கிறது. ஹூண்டாய், கியா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களை இன்ஜின் கோளாறுக்காக ரீகால் செய்தன. அவை கூறிய காரணங்களில் உதிரிபாகத் தயாரிப்பில் நேர்ந்த பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் தேய்ந்த டூல்தான் காரணம் என்று அவை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதைக் காண்பது அரிது. அப்படியானால் பட்டறைக்காரர்களின் சந்தேகம் எந்த அளவுக்கு நிற்கும்? விடைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தேய்வது எது?

இந்த விவாதம் குழம்புவதற்கு முதற்காரணம், வெவ்வேறு வேகத்தில் தேயும் மூன்று பொருள்களை ஒன்றாகப் பேசுவது. முதலாவது வெட்டுமுனை: இன்சர்ட், டிரில், ஹோனிங் கல், கிரைண்டிங் வீல். பெருந்தொகை உற்பத்தியில் ஒரு இன்சர்ட்டின் முனை சில மணி நேரமோ ஒரு ஷிஃப்டோதான் தாங்கும். இத்தனை உருப்படிக்கு ஒரு முறை என்று எண்ணி மாற்றுவார்கள். இரண்டாவது மெஷினும் அதன் பிடிமானங்களும்: ஸ்பிண்டில், வழித்தடம், ஃபிக்ஸ்சர். இவை ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும். மூன்றாவது, வார்ப்புக்கும் தகடு அழுத்துவதற்கும் பயன்படும் அச்சுகள்.

மூன்றாவது வகையின் அனுபவத்தை முதல் வகைமேல் ஏற்றிச் சொல்வது பரவலான பிழை. பழைய மாடலின் அச்சுகள் நாடு மாறிப் போய்ப் பல பத்தாண்டுகள் உழைப்பதுண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் தயாரானது. அத்தகைய காரின் கதவு இடைவெளி சீராக இல்லையென்றால் அச்சின் தேய்மானத்தைச் சந்தேகிப்பது நியாயம். அதே காரணத்தால் கிராங்க் ஷாஃப்டும் மோசமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைச் செதுக்கும் முனை அன்று காலையில்தான் மாற்றப்பட்டிருக்கலாம். ஒரு மாடலின் கடைசி ஆண்டுகளில் வரும் இன்ஜினை வாங்காதே, டூலெல்லாம் தேய்ந்திருக்கும் என்ற அறிவுரையும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததாகவே தோன்றுகிறது. வார்ப்பில் மட்டும் அதற்குச் சற்று இடமுண்டு. மணற்கருவை வடிக்கும் பெட்டி தேய்ந்தால் கரு நகர்ந்து, சிலிண்டர் சுவரின் கனம் ஒருபக்கம் குறையக்கூடும்.

டெய்லரும் ஷூவர்ட்டும் விட்டுச்சென்றவை

வெட்டுமுனையின் தேய்மானத்தை முறையாக அளந்து பார்த்த பெருமை பிரெடரிக் டெய்லருக்கு உரியது. சுமார் இருபத்தாறு ஆண்டுச் சோதனைகளின் முடிவை அவர் 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். வெட்டு வேகம் கூடக் கூட டூலின் ஆயுள் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை ஒரே சமன்பாட்டில் அடக்கினார். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்தினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உற்பத்தியை விரைவுபடுத்தும் நெருக்கடி எந்த வழியாகத் தரத்தைத் தொடும் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டுகிறது. எவ்வளவு தேய்ந்தால் முனையை மாற்றுவது என்பதற்கும் பின்னர் பொது அளவுகோல் வந்தது. கார்பைடு முனையின் பக்கவாட்டில் சராசரியாக 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது என்பது பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 3685 தரும் அடையாளங்களில் ஒன்று.

1924இல் வால்டர் ஷூவர்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தார். உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தற்செயலானது, காரணம் காட்டக்கூடியது என்று அவர் இரண்டாகப் பிரித்தார். டூல் தேய்மானம் இரண்டாம் வகை. அது ஒரே திசையில் மெல்ல நகரும், முன்கூட்டியே தெரியும், ஆஃப்செட் மாற்றி ஈடுகட்டலாம். தேய்மானத்தைக் குற்றவாளி ஆக்குவோருக்கு எதிரான வலுவான வாதம் இங்கிருந்துதான் எழுகிறது. இவ்வளவு தெரிந்த ஒரு பகை, இவ்வளவு அளவீடுகளைக் கடந்து எப்படி இன்ஜினுக்குள் போகும்?

பிசிறு, வடிவம், சூடு

போகும் வழிகள் உண்டு. கிராங்க் ஷாஃப்டில் ஆயில் செல்லும் துளையை எடுத்துக்கொள்வோம். மெயின் ஜர்னலிலிருந்து கிராங்க் பின்னுக்குச் சாய்வாகத் துளையிடுகிறார்கள். டிரில்லின் முனை கூராக இருக்கும்போது உலோகத்தை அறுத்துக்கொண்டு வெளியேறும். மூலை மழுங்கியபின் அறுப்பது குறைந்து தள்ளுவது கூடுகிறது. மழுங்கிய அரிவாள்மணையில் வாழைத்தண்டை நறுக்கினால் நார் தொங்குவது போலத் துளையின் விளிம்பில் பிசிறு நிற்கிறது. வெளிவாயில் பிசிறு கண்ணுக்குப் படும். இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும் இடத்துப் பிசிறைக் காண கேமரா செலுத்த வேண்டும். அடிப்பகுதி மெலிந்த பிசிறு, கழுவும்போது அசையாமல் நின்று, சூடான ஆயில் அழுத்தத்துடன் பாயும்போது உடையலாம். துளை நேரே திறப்பது பேரிங்குக்குள்.

அந்த பேரிங்கில் இடம் எவ்வளவு? கார் இன்ஜினில் பின்னுக்கும் பேரிங் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான். சுமை உச்சத்தில் இருக்கும் கணத்தில் ஆயில் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலியக்கூடும். பின்னின் மேற்பரப்பை அதற்கேற்ப மெருகேற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்த வழி வடிவம். கிரைண்டிங் வீல் தேய்ந்தால் பின் உருளையாக இராமல் கூம்பாகவோ நடுவில் குழிந்தோ போகலாம். ஹோனிங் கல் மழுங்கினால் சிலிண்டர் சுவரின் கோடுகள் அறுபடாமல் மடிந்து, ஆயில் தங்க வேண்டிய பள்ளங்கள் மூடிக்கொள்ளும். மூன்றாவது வழி சூடு. மழுங்கிய வீல் உரசுவதால் எழும் வெப்பம் மேற்பரப்பின் உலோக அமைப்பையே மாற்றிவிடும். கண்ணால் பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும்.

எந்திர வேலையில் எழும் சூடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபோர்டின் 2024 ரீகால் ஓர் எடுத்துக்காட்டு. 2021, 2022 மாடல்களைச் சேர்ந்த சுமார் 90,000 கார்களின் 2.7, 3.0 லிட்டர் டர்போ இன்ஜின்களில் இன்டேக் வால்வுகள் முறியக்கூடும் என்று நிறுவனம் அறிவித்தது. சில்க்ரோம் லைட் என்ற உலோகக் கலவையில் செய்த அந்த வால்வுகள், எந்திர வேலையின்போது அளவுமீறிச் சூடேறினால் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும் என்பது அது தந்த விளக்கம். அந்தச் சூடு மழுங்கிய வீலால் வந்திருக்கலாம். கூலன்ட் குறைந்ததாலோ ஊட்டு வேகம் கூடியதாலோகூட வந்திருக்கலாம். உற்பத்தியில் ஃபோர்டு செய்த திருத்தம் வேறு கலவைக்கு மாறியது. சூட்டைத் தாங்காத பொருளைத் தேர்ந்ததும் காரணத்தில் ஒரு பங்கு என்று அதிலிருந்து கொள்ளலாம்.

துகளா, தேய்மானமா: ஹூண்டாய் காட்டும் சிக்கல்

இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது ஹூண்டாய், கியா கார்களின் தீட்டா 2 இன்ஜின். 2015 செப்டம்பரில் ஹூண்டாய் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4,70,000ஐ அமெரிக்காவில் ரீகால் செய்தது. அலபாமா ஆலையில் கிராங்க் பின் வேலையில் உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக அகற்றப்படவில்லை, அவை ஆயில் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று காரணம் கூறியது. 2012 ஏப்ரலிலேயே பிசிறு நீக்கும் முறையை மாற்றிவிட்டதாகவும் கூறியது.

இதை ஏற்றுக்கொண்டால் விடை எளிது: குற்றம் கழுவும் பிரிவுடையது. ஆனால் 2017இல் இரு நிறுவனங்களும் மேலும் ஏறத்தாழ 12 லட்சம் கார்களை அழைக்க வேண்டி வந்தது. அவற்றில் ஹூண்டாயின் பங்கு 2013, 2014 மாடல்கள். அதாவது திருத்தம் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட காலத்துக்குப் பின் வந்தவை. துகள்தான் முழுக் காரணம் என்றால், துகளை நீக்கிய பின்பும் ஏன் பேரிங் போகிறது? இரு நிறுவனங்களும் ரீகாலில் தாமதித்தன என்று உள்ளிருந்தே புகார் எழுந்தது. ஹூண்டாயின் பொறியாளராக இருந்த கிம் குவாங் ஹோ 2016இல் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஆவணங்களை ஒப்படைத்தார். 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் மொத்தம் 21 கோடி டாலர் வரையிலான அபராத உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்த ஆண்டு கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

டொயோட்டாவிலும் இதே வரிசை. 2024 மே மாதம் சுமார் 1,02,000 டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளை, இன்ஜினுக்குள் எந்திர வேலைத் துகள் தங்கியிருக்கலாம் என்று ரீகால் செய்தது. 2025 நவம்பரில் மேலும் ஏறத்தாழ 1,27,000 வண்டிகள் சேர்ந்தன.

துகள் விளக்கத்தின் பலவீனம் இதில் தெரிகிறது. துகள் என்பது விளைவு. அது ஏன் அவ்வளவு உண்டாயிற்று, ஏன் அவ்வளவு இறுகப் பிடித்திருந்தது என்ற கேள்வியை அது தொடுவதில்லை. மழுங்கிய டிரில் அதிகப் பிசிறு தரும் என்பது உண்மையானால், கழுவும் பிரிவின் தோல்வியாகத் தெரிவது அதற்கு முன்பிருந்த டூல் மாற்றத்தின் தோல்வியாகவும் இருக்கக்கூடும். அதற்காக, துகள் கிடைத்தது என்பதாலேயே டூல் தேய்ந்திருந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. கூரிய முனையும் துகள் தரும். துகள் இல்லாமல் உலோகத்தை வெட்ட முடியாது.

மெஷினைச் சரியாக அமைக்காத கை

ஹோண்டாவின் 2023 ரீகால் வேறொரு நிலைப்பாட்டுக்கு ஆதாரம். 2015 முதல் 2020 வரையிலான மாடல்களில் சுமார் 2,49,000 வண்டிகளின் வி6 இன்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து இறுகக்கூடும் என்று அறிவித்த நிறுவனம், கிராங்க் ஷாஃப்ட் செய்யும் கருவியின் அமைப்பு சரியில்லாததால் பின் நடுவில் புடைத்த வடிவில் கிரைண்ட் ஆகிவிட்டது என்றது.

இந்தப் புடைப்பு கவனிக்கத் தக்கது. நேராக உள்ளிறங்கி அரைக்கும் வீலில் பொதுவாக முதலில் உதிர்வது அதன் மூலைகள். மூலை உதிர்ந்த வீல், பின்னின் இரு ஓரங்களிலும் உலோகத்தை மிச்சம் வைக்கும். பின் நடுவில் குழியும். ஹோண்டாவில் நேர்ந்தது அதற்கு எதிரான வடிவம். வீலுக்கு உருக் கொடுக்கும் டிரஸ்ஸிங்கிலோ பின்னர் மெருகேற்றும் கட்டத்திலோ அமைப்பு பிசகினால்தான் இது எளிதாக வரும். எனவே நிறுவனத்தின் விளக்கம் வடிவத்தோடு பொருந்துகிறது, எளிய தேய்மான விளக்கம் பொருந்தவில்லை என்பது என் கருத்து. டிரஸ்ஸிங்குக்கான வைரக் கருவியே தேய்ந்திருந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அமைப்புப் பிழைக்கும் தேய்மானத்துக்கும் நடுவிலுள்ள கோடு அவ்வளவு மெல்லியது.

அளவுக்குள் இருந்தும் கெடுவது

டூலைக் குற்றம் சாட்டுவோரும் காப்பாற்றுவோரும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபடுகிறார்கள்: அளவு எல்லைக்குள் இருந்தால் உருப்படி நல்லது. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி இதை மறுத்தார். குறியளவிலிருந்து விலகும் ஒவ்வொரு மைக்ரானுக்கும் ஓர் இழப்பு உண்டு என்பது அவர் வாதம். 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு, ஒரே வரைபடப்படி தன் ஆலையிலும் ஜப்பானின் மாஸ்டாவிலும் தயாரான கியர்பாக்ஸ்களைப் பிரித்து அளந்தது. இரண்டும் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் மாஸ்டாவின் பாகங்கள் எல்லையின் சிறு பகுதிக்குள்ளேயே குவிந்து நின்றன. சத்தமும் வாரண்டிப் புகார்களும் அவற்றில்தான் குறைவு.

தேய்மான விவாதத்துக்கு இது முக்கியமானது. டூல் தேயும்போது சராசரி அளவு ஒரு பக்கமாக நகர்கிறது. எல்லை ஓரத்திலுள்ள பின்னும் எல்லை ஓரத்திலுள்ள ஷெல்லும் ஒரே இன்ஜினில் சேர்ந்தால், எந்த உருப்படியும் நிராகரிக்கப்படாமலே ஒரு மோசமான பேரிங் பிறந்துவிடும். பாகங்களை அளவு வாரியாகப் பிரித்து, ஷாஃப்டுக்கேற்ற ஷெல் பொருத்தும் முறை இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. வடிவத்திலும் சொரசொரப்பிலும் வரும் சரிவை அம்முறை பிடிப்பதில்லை.

வடிவமைப்பும் ஆயிலும் உரிமையாளரும்

எரிபொருள் சிக்கனத்துக்காக ஆயில் மெலிந்தது, பேரிங் அகலம் சுருங்கியது, டர்போவும் எரிபொருளை நேரடியாக உட்செலுத்தும் முறையும் சுமையை ஏற்றின. பழைய இன்ஜின் பொறுத்துக்கொண்ட பிழையைப் புதிய இன்ஜின் பொறுப்பதில்லை என்பது வடிவமைப்பைக் குறை கூறுவோரின் வாதம். ஜெனரல் மோட்டார்ஸின் 2025 ஏப்ரல் ரீகால் இதற்கு வலுச் சேர்க்கிறது. 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளின் 6.2 லிட்டர் வி8 இன்ஜின்கள் அதில் அடங்கின. கனெக்டிங் ராடுகளிலும் ஆயில் துளைகளிலும் தங்கிய படிவு, அளவும் மேற்பரப்பு மெருகும் தவறிய கிராங்க் ஷாஃப்ட் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. சோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு நிறுவனம் தந்த தீர்வு தடித்த 0டபிள்யூ-40 ஆயில். தயாரிப்புப் பிழைக்குக் கனமான ஆயில் மருந்தாகிறது என்றால், பிழையைத் தாங்கும் இடம் வடிவமைப்பில் குறுகலாக இருந்தது என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வாதத்தின் குறை என்னவென்றால், ஒரே வடிவமைப்பில் பெரும்பாலான இன்ஜின்கள் நலமாக ஓட, சில மட்டும் கெடுவதை அது தனியாக விளக்காது.

உரிமையாளரைக் குற்றம் சொல்லும் விடை தனிப்பட்ட வழக்குகளில் சரியாக இருக்கலாம். லட்சக்கணக்கில் ஒரே இன்ஜின், ஒரே பேரிங், ஒரே விதமாகப் போகும்போது அது செல்லாது. வாரண்டி மறுக்கப்பட்டு, பெருந்தொகை செலவழித்து இன்ஜின் மாற்றியவர்களுக்கு அந்த விடை செய்த அநியாயம் சிறிதல்ல.

பேரிங் ஷெல் சொல்லும் சாட்சி

கெட்ட இன்ஜினைப் பிரித்தால் காரணத்தை ஓரளவு படிக்கலாம். ஷெல்லில் வட்டமாக ஓடும் கீறல்களும் பதிந்த துகள்களும் இருந்தால் அழுக்கு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கூம்பான பின்னோ வளைந்த ராடோ. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் நடுவில் குழிந்த பின். நடுவில் பட்டையாகத் தேய்ந்திருந்தால் புடைத்த பின். அகலம் முழுவதும் துடைத்தாற்போல் போயிருந்தால் ஆயில் பட்டினி என்று சந்தேகிக்கலாம். பேரிங் ஆரம்பத்தில் பிடிபட்டால்தான் இந்தச் சாட்சி நிற்கும். ஷெல் சுழன்று, ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு பின்னும் நீலம் பாரித்து உருக்குலைந்திருக்கும். காரணமும் விளைவும் ஒரே உலோகக் குவியலில் கலந்துவிடுகின்றன. முழுதாகக் கெட்ட இன்ஜின்களை மட்டும் ஆராய்ந்து டூலைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ அறிவிக்கும் முடிவுகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். தேய்ந்த டூல் இன்ஜினைக் கெடுக்கக்கூடிய வழிகள் உண்மையானவை. பெரிய ரீகால்களில் பொதுவெளிக்கு வந்த காரணங்கள் துகள், அமைப்புப் பிழை, அளவும் மெருகும் தவறியது, சூடு ஆகியவை. இவற்றில் அமைப்புப் பிழை நீங்கலாக மற்றவை தேய்மானத்தோடு ஒத்துப்போகும். ஒன்றும் அதைத் தனியே நிரூபிக்காது. டூல் மட்டுமே காரணம் என்ற கூற்றுக்கு எதிராக நிற்பது காலக் கணக்கு. ஒரு ஷிஃப்டில் மாறும் முனை, ஆண்டுக்கணக்கில் பரவிய கோளாறை உண்டாக்க வேண்டுமானால், மாற்றும் இடைவெளியே தவறாக நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும். அது தேய்ந்த டூலின் குற்றமாக இராது. அந்த இடைவெளியைக் கையெழுத்திட்டு அனுமதித்த நிர்வாகத்தின் குற்றம்.

என் கணிப்பில் தேய்மானம் நுழையும் வாசல், எது ஒவ்வொரு உருப்படியிலும் அளக்கப்படுகிறது, எது மாதிரிக்கு மட்டும் என்ற வேறுபாட்டில் இருக்கிறது. நவீன கிராங்க் கிரைண்டிங் மெஷின் பின்னின் விட்டத்தை அரைக்கும்போதே அளந்துகொள்ளும். வீல் தேய்ந்தாலும் விட்டம் தவறாது. சொரசொரப்பு, புடைப்பு, உட்துளைப் பிசிறு ஆகியவை பெரும்பாலும் எடுத்துப் பார்க்கும் மாதிரிகளில்தான் சோதிக்கப்படுகின்றன. இரண்டு மாதிரிகளுக்கு நடுவே மழுங்கிய முனை செய்த உருப்படிகள் இன்ஜினுக்குள் போய்ச் சேரலாம்.

இதைச் சோதித்துத் தீர்க்க முடியும். கெட்ட இன்ஜின்களின் கிராங்க் ஷாஃப்டுகள் டூல் மாற்றத்துக்குச் சற்று முன் செய்தவையாகக் குவிந்திருந்தால் தேய்மானத்தின் பங்கு நிரூபணமாகும். பரவலாக இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். உருப்படிக்குக் குறியீடு பொறித்து, மெஷின் பதிவுகளைச் சேமிக்கும் ஆலைகளில் இதற்கான தரவு இருக்கும். நிறுவனங்கள் அதை வெளியிடுவதில்லை. கேட்டுப் பெறும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளிடம் இருக்கிறது. இன்ஜின் ரீகால் அறிக்கை ஒவ்வொன்றோடும் டூல் மாற்றப் பதிவையும் சேர்த்து வெளியிடச் செய்வதை அவை கட்டாயமாக்க வேண்டும்.